ஏழு கிணறு, ஒரே வெந்நீர்: பொதுமை பற்றி எந்தக் கட்சியை எடுப்பது?

போன மாதம் அக்காவின் மகளைக் கூட்டிக்கொண்டு கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போயிருந்தேன். ஏழு கிணறும் பக்கத்துப் பக்கத்தில் சதுரமாகக் கட்டியிருக்கிற இடம், திருகோணமலைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. அவள் வாளியில் அள்ளி அள்ளி ஒவ்வொரு தண்ணீருக்குள்ளும் விரலை விட்டுப் பார்த்தாள். ஒன்று வெதுவெதுப்பு, ஒன்று விரலைச் சட்டென்று இழுக்க வைக்கிற சூடு, மற்றவை இடையில் எங்கேயோ. நாலாவது கிணற்றில் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "மாமா, இதுல எது வெந்நீர்?"

"எல்லாம்தான்."

"எல்லாம் வேற வேறயா இருக்கு. பிறகு எப்படி எல்லாம் வெந்நீர்?"

பதினைந்து வருசமாக உயர்தர வகுப்புக்கு அளவையியல், அதாவது தர்க்கம் படிப்பிக்கிறேன், இதே கேள்வியைப் பிள்ளைகள் வேறு மாதிரிக் கேட்பார்கள். "சேர், பொதுமை பற்றி நாலு கட்சியும் படிச்சாச்சு. இதுல எதைப் பிடிக்கிறது?" கட்சி என்றால் இங்கே தத்துவ நிலைப்பாடு. பாடக்குறிப்புகளில் நாலும் வரிசையாக இருக்கும், யார் சொன்னார் என்று இருக்கும், ஆனால் எதை எடுத்தால் என்ன விலை கொடுக்க வேண்டிவரும் என்பது இருக்காது. அந்த விலையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

சொற்களை ஒரு முறை சரிபார்த்துக்கொள்வோம். வெந்நீர், மீன், மனிதர் என்று பலவற்றுக்கு ஒன்றாகப் பொருந்துவது பொது. நாலாவது கிணற்றிலிருந்து இப்போது அள்ளிய இந்த வாளித் தண்ணீர் சிறப்பு. சிறப்பு இருக்கிறது என்பதில் யாருக்கும் சண்டையில்லை, கையை விட்டால் சுடுகிறது. பொது எங்கே இருக்கிறது என்பதுதான் வழக்கு.

எதை வைத்து நிறுப்பது

நாலு கேள்வி வைத்துக்கொள்கிறேன். ஒன்று, பல பொருளுக்கு ஒரே பெயர் பொருந்துவதை அந்தக் கட்சி உண்மையில் விளக்குகிறதா, அல்லது அதே புதிருக்கு இன்னொரு பெயர் வைக்கிறதா. இரண்டு, கண்டதை வைத்துக் காணாததைப் பற்றிச் சொல்ல வழி விடுகிறதா, அதாவது அனுமானத்துக்கு இடம் தருகிறதா. மூன்று, உலகத்தில் புதிதாக எதையெல்லாம் இருப்பதாக ஒப்புக்கொள்ளச் சொல்கிறது. நாலு, விதிக்குள் அடங்காத ஒரு தனி ஆளோ தனிப் பொருளோ வந்து முன்னால் நின்றால் அதை என்ன செய்கிறது. இந்த நாலாவதைப் பொதுவாக யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் பெரியது.

பொருளுக்கு வெளியே: பிளேட்டோ

பலகையில் ஒரு வட்டம் கீறுகிறேன். கிட்டப் போய்ப் பார்த்தால் சோக்குத் துகள் சிதறியிருக்கும், கோட்டுக்குத் தடிப்பு இருக்கும், ஓரிடத்தில் கை நடுங்கியதும் தெரியும். ஆனாலும் வகுப்பில் யாரும் இந்தச் சோக்குக் கோட்டைப் பற்றிப் பேசவில்லை, தடிப்பே இல்லாத, நடுங்காத ஒரு வட்டத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். அது பலகையில் இல்லை. அப்படியானால் எங்கே? பொருள்களுக்கு அப்பால், அழியாமல், அவற்றுக்கு முன்பே இருக்கிறது என்பது பிளேட்டோவின் பதில். இங்கே உள்ளவை அதன் சாயல்கள்.

கணிதம் படிக்கிற பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான கட்சி இல்லை. முக்கோணத்தின் கோணங்கள் 180 பாகை என்று நிறுவும்போது நாம் அளந்து பார்ப்பதில்லையே.

விலை மூன்றாவது கேள்வியில் வருகிறது. இன்னோர் உலகத்தையே ஒப்புக்கொள்ள வேண்டும், அதை நாம் எந்த வழியால் அறிகிறோம் என்றும் சொல்ல வேண்டும். பிளேட்டோவே தன் 'பர்மெனிடிஸ்' உரையாடலில் இதைக் கிளறுகிறார். மயிருக்கும் சேற்றுக்கும் அழுக்குக்கும்கூட அப்பால் ஒரு வடிவம் உண்டா என்று கேட்கும்போது இளம் சோக்கிரட்டீஸ் தடுமாறுகிறார். அடுத்து, பெரிய பொருள்களும் 'பெருமை' என்ற வடிவமும் ஒன்றையொன்று ஒத்திருந்தால், அந்த ஒப்புமைக்கு மூன்றாவதாக ஒரு வடிவம் வேண்டும், அதற்கு நாலாவது, முடிவே இல்லை. தன் கட்சியின் ஓட்டையைத் தானே இவ்வளவு நேர்மையாக எழுதி வைத்தவருக்காகவே அந்த உரையாடலைப் படிக்கலாம். ஆனால் வெந்நீருக்கு இந்தக் கட்சியை நான் எடுக்க மாட்டேன்.

பொருளுக்குள்ளே: அரிஸ்டோட்டிலும் வைசேடிகரும்

பொது உண்மையானது, ஆனால் தனி உலகத்தில் இல்லை, இந்தப் பொருள்களுக்குள்ளேயே இருக்கிறது என்பார் அரிஸ்டோட்டில். நம் பக்கத்தில் நியாயம், வைசேடிகம் என்ற பழைய இந்தியத் தத்துவ மரபுகளைச் சேர்ந்த நியாய வைசேடிகர் கிட்டத்தட்ட இதையே இன்னும் இறுக்கமாகச் சொன்னார்கள். இது எங்கேயோ வடக்கில் நடந்த விவகாரம் என்று நினைக்க வேண்டாம், தமிழில் மணிமேகலையிலேயே இருக்கிறது. வஞ்சி நகரில் சமயக் கணக்கரிடம் மணிமேகலை கேட்டுக்கொண்டு போகிற காதையில் வைசேடிகவாதி பொருள், குணம், கருமம், சாமானியம், விசேடம், கூட்டம் என்று ஆறு சொல்கிறான். சாமானியம்தான் பொது. கூட்டம் என்பது அந்தப் பொதுவைப் பொருளோடு பிரியாமல் சேர்த்து வைக்கிற உறவு. சாமானியத்துக்கு அவர்கள் மரபில் உள்ள வரைவிலக்கணம் மூன்று சொல்லில் அடங்கும்: அழிவில்லாதது, ஒன்றாக இருப்பது, பலவற்றில் இருப்பது.

இரண்டாவது கேள்வியில் இந்தக் கட்சிதான் முன்னுக்கு நிற்கிறது. இந்தப் புகையில் உள்ள புகைத்தன்மையும் அந்தப் புகையில் உள்ளதும் ஒன்றே என்றால், அடுக்களையில் புகையோடு நெருப்பைக் கண்டு கற்றதை, புகை தெரிகிற மலைக்குக் கொண்டுபோக நமக்கு உரிமை உண்டு.

விலையைப் பௌத்த அளவையியலாளர் தர்மகீர்த்தி கேட்டார். இப்போது ஒரு கன்று பிறக்கிறது. பசுத்தன்மை அதற்குள் எப்படி வந்தது? முன்பு அந்த இடத்தில் அது இருக்கவில்லை. வேறு இடத்திலிருந்து நடந்து வரவும் இல்லை, வந்திருந்தால் பழைய பசுவை விட்டல்லவா வந்திருக்க வேண்டும். துண்டு துண்டாகப் பிரியவும் அதனால் முடியாது. வைசேடிகர் பதில் சொன்னார்கள்தான், ஆனால் அந்தப் பதில்களைப் படித்தபின் எனக்குக் கேள்வியின் பலம்தான் மனதில் நின்றது.

இன்னொரு விலை இதைவிடப் பெரியது. பொது உண்மை என்று ஒப்புக்கொண்டவுடன், நாம் வைக்கிற ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு உண்மையான பொது இருப்பதாக நினைக்கத் தொடங்கிவிடுவோம். நையாயிகருக்கு, அதாவது நியாய மரபினருக்கு, இந்த ஆபத்து தெரிந்திருந்தது. அதனால் இரண்டாகப் பிரித்தார்கள்: பொருளோடு பிறந்த உண்மைப் பொது சாதி, நாம் ஒரு காரணத்துக்காக ஏற்றி வைத்த பொது உபாதி. பசு என்பது சாதி. சமையல்காரர் என்பது உபாதி, கரண்டியைக் கீழே வைத்தால் போய்விடும்.

'சாதி' என்ற சொல்லைப் பார்த்ததும் உங்களுக்கு ஏதோ உறுத்தியிருக்கும். உறுத்த வேண்டும். அது அதே சொல்தான். பசுத்தன்மை போலவே பிராமணத்தன்மையும் பொருளில் உள்ள உண்மையான சாதி என்று வேதச் சடங்குகளுக்குப் பொருள் சொல்கிற மீமாம்ச மரபின் குமாரிலர் வாதாடினார், பௌத்தர்கள் அதை மறுத்தார்கள். ஒரு தத்துவக் கட்சி வீதிக்கு இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் என்னிடம் இல்லை.

எது சாதி, எது உபாதி என்று கண்டுபிடிப்பதும் லேசில்லை. காலையில் மீன் சந்தைக்குப் போனால் சூரை, பாரை, அறக்குளா, கணவாய், இறால் எல்லாம் ஒரே வரிசையில் கிடக்கும், எல்லாவற்றையும் 'மீன் வாங்கினது' என்றுதான் வீட்டில் சொல்வோம். கணவாய் மீன் இல்லை, சரி. நம் கடலில் வருகிற நீலத் திமிங்கிலமும் மீன் இல்லை, அது பாலூட்டி. அப்போ மிஞ்சியிருப்பதாவது ஒரு உண்மையான சாதியா? உயிரியல்காரரைக் கேட்டால் அதுவும் இல்லை என்கிறார்கள். நுரையீரல் மீனுக்குச் சூரையைவிட நாம்தான் கிட்டிய சொந்தம். ஆக, ஆயிரம் வருசமாகப் புழங்குகிற 'மீன்' உபாதியாகத் தெரிகிறது, 'சூரை' சாதியாகத் தெரிகிறது. இந்தக் கட்சியை எடுப்பவர் ஒவ்வொரு சொல்லுக்கும் இந்த வேலையைச் செய்யத் தயாராக இருக்க வேண்டும்.

பெயர் மட்டும்: திக்நாகரும் ஒக்காமும்

உலகில் இருப்பது தனித்தனிப் பொருள் மட்டும், பொது நாம் பேச்சுக்கு வைத்தது. ஐரோப்பாவில் 14ஆம் நூற்றாண்டில் ஒக்காமின் வில்லியம் இந்தப் பக்கத்தைப் பலப்படுத்தினார். அவருக்கு எட்டு நூற்றாண்டுக்கு முன்பே பௌத்த அளவையியலாளர் திக்நாகர் இதை வேறு அழகோடு சொல்லிவிட்டார். அவர் காஞ்சிக்குக் கிட்டப் பிறந்தவர் என்று திபெத்திய மரபு சொல்லும். புலன் தொடுவது தனியை மட்டும். 'பசு' என்ற சொல் பசுத்தன்மை என்ற எதையும் சுட்டுவதில்லை, பசு அல்லாதவற்றை விலக்குகிறது, அவ்வளவுதான். வெந்நீர் என்றால் குளிர் இல்லாத தண்ணீர். ஏழு கிணற்றுக்கும் பொதுவாக ஒன்றைத் தேட வேண்டியதில்லை, ஏழும் எதுவாக இல்லையோ அது ஒத்துப்போனால் போதும்.

செலவு மிகக் குறைவு. மூன்றாவது கேள்வியில் இவர்களை யாரும் வெல்ல முடியாது.

மறைந்திருக்கிற செலவு முதல் கேள்வியில். பசு அல்லாதது எது என்று தெரிய முதலில் பசுவைத் தெரிந்திருக்க வேண்டுமே என்று குமாரிலர் கேட்டார். பேட்ரன்ட் ரசல் 1912இல் வேறு பக்கத்தால் வந்தார்: பொது வேண்டாம், பொருள்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன, அது போதும் என்கிறீர்களா? அப்படியானால் அந்த 'ஒத்திருத்தல்' பல சோடிகளில் வருகிறதே, அதுவே ஒரு பொது இல்லையா?

இந்தக் கேள்விகளுக்கு முழுப் பதில் வராது என்று தெரிந்தும், ஓர் இடத்தில் நான் இந்தக் கட்சியை விடவே மாட்டேன். மனிதரைப் பற்றிப் பேசும் இடத்தில்.

மூன்று இனமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற ஊர் இது. நான் வளர்ந்த காலத்தில் 'அவங்கள் எல்லாரும் அப்பிடித்தான்' என்ற வாக்கியத்தைக் கேட்காத கிழமை இருந்ததில்லை, ஒவ்வொரு பக்கமும் மற்றப் பக்கத்தைப் பற்றிச் சொன்னது. 'எல்லாரும் இப்படி' என்று சொல்கிற அந்த வகை வாக்கியத்தை அளவையியலில் நிறை உடன்பாட்டு எடுப்பு என்போம். ஆழிப்பேரலை அடித்த 2004 டிசம்பர் 26, அம்மாவையும் அக்காவையும் என்னையும் நனைந்த உடுப்போடு தூக்கி லொறியில் ஏற்றி மேட்டுக்குக் கொண்டுபோனவர் ஒரு சிங்களவர். பின்பக்கத்தில் சீமெந்துப் பை, அதன் மேல் நாங்கள். அம்மாவுக்குத் தன் சாரனில் ஒரு பகுதியைக் கிழித்துக் கொடுத்தார், கால் வெட்டுக்குக் கட்ட. அவருக்கு எங்கள் பாசை தெரியாது, எனக்கு அவருடையது அரைகுறை. எனக்கு அன்றைக்கு உயர்தரம் படிக்கிற வயது, ஒரேயொரு எதிர் உதாரணம் இருந்தாலே நிறை எடுப்பு விழுந்துவிடும் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். அந்த லொறியில்தான் அது என்ன என்று விளங்கியது.

மனதுக்குள்ளே: கருத்துக் கட்சி

பொது உலகில் இல்லை, வெறும் பெயரும் இல்லை, மனம் பல தனிகளைப் பார்த்துப் பிரித்தெடுத்த கருத்து என்பது இந்தக் கட்சி. 12ஆம் நூற்றாண்டில் அபெலார் இதற்குக் கிட்ட வந்தார், பின்பு லொக் இதைப் பரப்பினார். கேட்க நியாயமாக இருக்கும், அதனால் பிள்ளைகளில் பாதிப் பேர் இதைத்தான் எடுப்பார்கள். செங்கோணமும் இல்லாத, சமபக்கமும் இல்லாத, ஆனால் எல்லாமாகவும் இருக்கிற பொது முக்கோணத்தை மனதில் கொண்டுவந்து காட்டுங்கள் என்று பேர்க்லி கேட்ட கேள்விக்கு மட்டும் பதிலை ஆயத்தமாக வைத்திருங்கள். என் முறைப்பாடு வேறு. கருத்து என் தலைக்குள் என்றால், என் தலைக்குள் உள்ள பிரிவினைக்குக் கடல் ஏன் கட்டுப்பட வேண்டும்? குழந்தை எப்படிச் சொல் கற்கிறது என்று ஆராய்கிறவருக்கு நல்ல கட்சி. அனுமானத்துக்கு அத்திவாரம் தேடுகிறவருக்குப் போதாது.

அனுமானத்தில் வைத்துப் பார்த்தால்

அப்பப்பா, அப்பாவின் அப்பா, அறுபது வருசம் கடலுக்குப் போனவர். அவரிடம் ஒரு விதி இருந்தது: "காத்து இல்லாமக் கடல் ஏறாது." இருபதாயிரத்துக்கு மேற்பட்ட காலைகளில் அவர் பார்த்தது. பல உதாரணத்திலிருந்து விதி எடுக்கிற தொகுத்தறிமுறையில் இதைவிட எத்தனை உதாரணம் கேட்பது? அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை காற்றே இல்லை. கடல் ஏறி வந்தது.

பொய் சொல்லவில்லை அவர், கவனக்குறைவும் இல்லை. பெயர்க் கட்சிக்காரர் சொல்வார், தனியைத்தான் கண்டீர்கள், 'எல்லாக் காலையும்' என்பது நீங்கள் வைத்த சொல், அது எப்போது வேண்டுமானாலும் விழும். சரிதான். ஆனால் அதோடு நின்றால் அடுத்த முறைக்கு நம்மிடம் ஒன்றும் இருக்காது. நையாயிகர் இதைவிட உதவியான ஒன்றைச் சொல்கிறார்கள். புகை இருந்தால் நெருப்பு உண்டு, ஆனால் நெருப்பு இருந்தால் புகை உண்டு என்று சொல்லாதே, பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்பு உண்டு, புகை இல்லை. புகை வருவது ஈர விறகால். அந்த ஈர விறகு மறைந்திருக்கிற நிபந்தனை, அதையும் அவர்கள் உபாதி என்றுதான் சொல்வார்கள். அப்பப்பாவின் விதியிலும் ஓர் ஈர விறகு இருந்தது. காற்றுக் கடலை ஏற்றும் ஒரு காரணம், ஒரே காரணம் இல்லை. சுமாத்திராவுக்குப் பக்கத்தில் கடலடித் தரை குலுங்கினாலும் ஏறும்.

அதே நாளில் இன்னொரு தீவில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்தோனேசியாவின் சிமெலுவே தீவு நிலநடுக்க மையத்துக்கு மிகக் கிட்ட இருக்கிறது. அங்கே 1907இல் ஒரு ஆழிப்பேரலை ஏராளமானவர்களைக் கொன்றது. அந்த ஒரேயொரு சம்பவத்திலிருந்து ஒரு விதி எடுத்தார்கள்: நிலம் பலமாக அதிர்ந்து, பிறகு கடல் பின்வாங்கினால், மலைக்கு ஓடு. 'ஸ்மோங்' என்ற பெயரில் பாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். 2004இல் எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் இருந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் பத்துப் பேருக்கும் குறைவு.

அப்பப்பாவிடம் இருபதாயிரம் காலை, அவர்களிடம் ஒரு நாள். அவர்கள் விதி ஏன் நின்றது? எண்ணிக்கையால் இல்லை, அது காரணத்தைத் தொட்டதால். பொது வெறும் பெயர் என்றால் இந்த வித்தியாசத்தை என்னால் விளக்க முடியவில்லை. இதனால்தான் இயற்கையைப் பற்றிய பேச்சில் நான் இரண்டாவது கட்சிப் பக்கம் சாய்கிறேன்.

ஜோன் ஸ்டுவர்ட் மில் 1843இல் எழுதிய அளவையியல் நூலில் கேட்டது இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. எல்லா மனிதரும் இறப்பவர், சோக்கிரட்டீஸ் மனிதர், ஆகவே சோக்கிரட்டீஸ் இறப்பவர் என்ற நியாயத்தொடையில் முடிவு முதல் எடுகூற்றுக்குள்ளேயே இருக்கிறதே, புதிதாக என்ன அறிந்தோம்? நாம் உண்மையில் தனியிலிருந்து தனிக்குத்தான் போகிறோம் என்றார், தன் பிள்ளைக்குக் கேட்ட மருந்தை அயல்வீட்டுப் பிள்ளைக்கும் சொல்கிற கிராமத்துத் தாயைப் போல. நம் அம்மம்மாமார் அத்தனை பேரும் அந்தத் தாய்தான். ஆனால் அவர்கள் மருந்து சில வேளை கேட்கும், சில வேளை கேட்காது, எது எப்போது என்று சொல்லப் பொது வேண்டும். நம் பழைய அளவை நூல்களின் ஐந்துறுப்பு அனுமானம் எனக்குப் பிடிப்பது இதனால்தான். மணிமேகலையிலும் அது வருகிறது. மலை நெருப்புடையது, புகையுடைமையால், எங்கே புகையோ அங்கே நெருப்பு, அடுக்களை போல, இந்த மலையும் புகையுடையது, ஆகவே நெருப்புடையது. விதியைச் சொன்ன மூச்சிலேயே ஓர் அடுக்களையையும் காட்டச் சொல்கிறார்கள். காட்ட முடியாவிட்டால் விதியைச் சொல்லாதே.

அப்போ யாருக்கு எது

கணிதமும் தூய அளவையியலும் உங்கள் வேலை என்றால் பிளேட்டோவை எடுங்கள், அந்த இன்னோர் உலகத்தின் விலை உங்களுக்குப் பெரிதாகத் தெரியாது. மருத்துவம், கடல், பயிர், நோய் என்று காரணம் தேடுகிற வேலை என்றால் அரிஸ்டோட்டில், வைசேடிகர் பக்கம். ஆனால் சாதியா உபாதியா என்ற கேள்வியைச் சட்டைப்பையில் வைத்திருங்கள். மொழி, மனம் படிப்பவருக்குக் கருத்துக் கட்சி. மனிதரை வகைப்படுத்துகிற எந்த வேலையாக இருந்தாலும், ஆசிரியர், கிராம சேவையாளர், பொலிஸ், பத்திரிகை, யாராக இருந்தாலும், பெயர்க் கட்சியிலிருந்து தொடங்குங்கள். எதிரில் நிற்பவர் ஓர் ஆள், மற்றது நீங்கள் வைத்த சொல்.

ஒரே ஆள் இரண்டு கட்சி எடுக்கலாமா, இது முரண் இல்லையா என்று வகுப்பில் கேட்பார்கள். பொது எல்லாமே ஒரே வகை என்று எடுத்துக்கொண்டால்தான் முரண். சிலது பொருளில் இருக்கிறது, சிலது நாம் ஏற்றியது என்பதுதான் என் நிலை. எல்லையை எங்கே கீறுவது என்பதில் எனக்கு இன்னும் சிக்கல் உண்டு. வெந்நீரிலேயே உண்டு. நிலத்தடியில் ஒரே காரணத்தால் சூடாகி வருவது என்றால் ஏழும் ஒரு சாதி. என் உடம்புக்குச் சுடுவது என்றால் உபாதி, காய்ச்சல் நாளில் அதுவும் மாறும்.

போன ஞாயிறு மருமகள் மறுபடி கன்னியாவுக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். இந்த முறை வெப்பமானியும் கொப்பியும் கொண்டுவந்தாள். ஒன்று முதல் ஏழு வரை எண்ணிட்டு எதிரில் பாகையை எழுதி, அடிமட்டம் வைத்துக் கோடு கீறி முடித்துவிட்டாள். மேலே தலைப்புக்கு ஒரு வரி விட்டிருக்கிறாள், அது இன்னும் காலியாக இருக்கிறது.